பின்னிய வலை – பகுதி 12: வில்லியனூர் வட்டம்

சென்ற பகுதியில் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் கதை 1992-ஆம் ஆண்டுவரை சொல்லப்பட்டது. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடு 1986-இல் தொடங்கிய அம்முயற்சி, சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.களையும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தையும், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தையும், தில்லியில் இருந்த அத்துறையின் அலுவலகத்தையும் ஒன்றோடொன்று பேச வைத்தது.

தில்லிக்கும் மும்பைக்கும் இடையே 1991 ஜனவரியில் அமைந்த முதல் குத்தகைத் தடத்தின் வேகம் நொடிக்கு 9,600 பிட். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றைக் குறி. அதற்கு முந்தைய ஆண்டிலேயே எர்நெட்டுக்கு 144.16 என்று தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்த எண்ணைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் இனி வரும் பகுதிகள் அனைத்தும் அதன்மேல்தான் நிற்கின்றன. இணைய முகவரி 32 பிட் நீளமுடையது. வாசிக்க எளிதாக அதை நான்கு எண்களாகப் பிரித்து, புள்ளியிட்டு எழுதுவார்கள். எர்நெட் பெற்ற தொகுதியில் முதல் இரண்டு எண்கள், அதாவது முதல் 16 பிட்கள், எந்த வலையமைப்பு என்பதைச் சொல்லும். மீதி 16 பிட்கள் அந்த வலையமைப்புக்குள் எந்தக் கணினி என்பதைச் சொல்லும். அந்த மீதியில் 65,536 வெவ்வேறு எண்கள் அடங்கும்.

இந்தப் பிரிவினையால்தான் உலகின் எந்த மூலையில் உள்ள திசைவியும், அதாவது தன்னிடம் வரும் தரவுப் பொதியை அடுத்த இடத்துக்குத் திருப்பிவிடும் கருவியும், ஒவ்வொரு கணினியின் இருப்பிடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, 144.16 என்று கண்டால் எர்நெட்டின் வாசல்வரை அனுப்பிவிட்டால் போதும், உள்ளே யாரிடம் சேர்ப்பது என்பதை எர்நெட் பார்த்துக்கொள்ளும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, வாசல் பொதுவில் திறந்தது. ஆனால் அந்த வாசல் பெருநகரங்களில் இருந்தது.

* * *

கடலூரோடு நின்ற வலை

சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊராகச் சைவர்கள் போற்றும் திருநாவலூர், எர்நெட் தொடங்கிய காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் அது விழுப்புரம் மாவட்டத்துக்கு மாறியது. 2019 நவம்பர் 26 அன்று பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் இருமுறை மாறிய இந்த ஊருக்கு, கணினி வலையமைப்பு எவ்வளவு அருகில் வந்து நின்றது என்பதைப் பார்த்தால் நாட்டுப்புற இந்தியா முழுமைக்குமான நிலை விளங்கும்.

தேசியத் தகவலியல் மையம் 1980களின் இறுதியில் செயற்கைக்கோள் வழியே அமைத்த நிக்நெட், மாவட்டத் தலைநகரங்களை இணைத்தது. தென்னார்க்காட்டைப் பொறுத்தவரை அது கடலூர் ஆட்சியர் அலுவலகம். அரசின் புள்ளிவிவரங்கள் கடலூரிலிருந்து சென்னைக்கும் தில்லிக்கும் சென்றன. கடலூரிலிருந்து ஒன்றியத்துக்கும் அங்கிருந்து ஊராட்சிக்கும் அவை தாளில்தான் பயணம் செய்தன.

தொலைபேசி வழியாக இணையத்தைத் தொடலாம் என்றால், அங்கே வேறொரு தடை இருந்தது. தொலைபேசித் தடம் மனிதக் குரலுக்காக அமைந்தது; ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்வரை உள்ள ஒலிகளை மட்டுமே அது கடத்தும். கணினியின் 0, 1 குறிகளை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குறிகளாக்கும் கருவிதான் மோடம். கிராமத்துத் தொலைபேசி இணைப்பின் இரைச்சலில் அந்த ஒலிகள் சிதைந்தன. சிதைந்த பொதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அழைப்போ தொலைதூர அழைப்பு. பொதி சரியாக வந்ததா என்று பாராமல், கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

எனவே 1990களின் நடுப்பகுதியில் கேள்வி தெளிவாக இருந்தது. கம்பி வராத ஊருக்கு, வந்தாலும் தாங்காத ஊருக்கு, வலையமைப்பை எப்படிக் கொண்டுசெல்வது?

* * *

1998: வில்லியனூரில் ஒரு நடுமையம்

திருநாவலூரிலிருந்து கிழக்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ள வில்லியனூரில் அந்தக் கேள்விக்கு ஒரு விடை தேடப்பட்டது. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியோடு 1998-இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் அது.

திட்டத்தினர் முதலில் கேட்டது கணினியைப் பற்றியதன்று. மக்களுக்குத் தகவல் இப்போது யாரிடமிருந்து வருகிறது என்பதை அறிய ஊர் ஊராக ஆய்வு நடந்தது. கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்பவர், பக்கத்து வீட்டார் ஆகியோரே விவசாயிக்குத் தகவல் தரும் வாய்கள் என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. ஆக, வலையமைப்பு கிராமத்துக்குள் வருவதற்கு முன்பே கிராமத்தில் ஒரு வலையமைப்பு இருந்தது. அதில் யார் யாருக்கு எதைச் சொல்வார்கள், யாருக்குச் சொல்லமாட்டார்கள் என்னும் வழக்கமும் இருந்தது.

அதனால் ஊர்களுக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. ஊரார் தகவல் பெறும் அறிவு மையம் அமையும் இடத்தை ஊரே தர வேண்டும், பணியாற்றும் தன்னார்வலர்களை ஊரே தேர்ந்து தர வேண்டும், அந்த இடத்துக்குள் தலித் மக்கள் உட்பட அனைவரும் தடையின்றி வர வேண்டும். வலையமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பதிவு செய்யாமல் விட்டுவிடும் இந்த நிபந்தனையே அத்திட்டத்தின் மிக முக்கியமான தொழில்நுட்ப முடிவு என்று சொல்லலாம். ஏனெனில் ஒரு கணு யாருடைய வீட்டுத் திண்ணையில் வைக்கப்படுகிறது என்பது, அந்தக் கணுவிலிருந்து தரவு யாரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. கணு என்பது வலையமைப்பில் தரவை அனுப்பவோ பெறவோ கூடிய எந்த ஒரு முனையும் ஆகும். அது கணினியாக இருக்கலாம், வானொலிக் கருவியாகவும் இருக்கலாம்.

எம்பலத்தில் கோவில் வளாகத்தில் மையம் அமைந்தது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் ஒன்று, கீழூரில் ஒன்று, பூரணாங்குப்பத்தில் ஒன்று என ஆண்டுக்கு ஆண்டு ஊர்கள் சேர்ந்தன. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன.

இந்த ஊர்களை எல்லாம் எப்படி இணைப்பது என்பதே அடுத்த முடிவு.

* * *

பத்துத் தடமா, ஐம்பத்தைந்து தடமா?

வலையமைப்பின் வடிவத்தை, அதாவது எந்தக் கணு எந்தக் கணுவோடு நேரடியாக இணைகிறது என்னும் அமைப்பை, இடவியல் என்பார்கள். நடுவில் ஒரு மையமும் சுற்றிலும் பத்து ஊர்களும் உள்ளன என்று கொண்டால், மொத்தக் கணுக்கள் 11. ஒவ்வொரு ஊரையும் மையத்தோடு மட்டும் இணைத்தால் 10 தடங்கள் போதும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் நேரடியாக இணைத்தால் 55 தடங்கள் வேண்டும். 11-ஐ 10-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் இந்த எண் வரும்.

முதல் வடிவம் மலிவானது. ஆனால் மையம் விழுந்தால் எல்லாம் விழும். இரண்டாவது விலை உயர்ந்தது; ஒரு தடம் அறுந்தால் வேறு ஒன்பது வழிகள் இருக்கும். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன், 1964-இல் வெளியான தம் ஆய்வறிக்கைகளில் இந்த வேறுபாட்டைத்தான் வலியுறுத்தினார். அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் பிழைத்திருக்கும் தகவல்தொடர்பைத் தேடிய அவர், நடுமையம் உள்ள வடிவத்தை ஒதுக்கிவிட்டு, மையமில்லாத பின்னலைப் பரிந்துரைத்தார்.

வில்லியனூரில் நடுமைய வடிவமே தேர்ந்தெடுக்கப்பட்டது. பாரனின் வாதத்தை அறிந்தவர்க்கு இது பின்னோக்கிய அடியாகத் தோன்றலாம். ஆனால் அது சரியான முடிவு. பாரன் கேட்ட கேள்வி எது பிழைக்கும் என்பது. வில்லியனூர் கேட்ட கேள்வி எதற்குப் பொருள் உண்டு என்பது. இணையத்தில் வரும் தகவல் ஆங்கிலத்தில் இருந்தது, உலகம் முழுமைக்கும் பொதுவாக இருந்தது. அதைத் தமிழாக்கி, அந்தந்த ஊரின் பயிருக்கும் கடலுக்கும் ஏற்றவாறு சுருக்கித் தரும் ஆட்கள் ஓரிடத்தில்தான் இருந்தார்கள். தகவல் பண்படுத்தப்படும் இடம் ஒன்றாக இருக்கும்போது, தடங்களும் அங்கிருந்தே கிளைப்பது இயல்பு.

மையம் மட்டும் தொலைபேசி வழியே இணையத்தோடு இணைந்தது. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொரு வலையமைப்புக்குத் தரவு கடந்து செல்லும் இத்தகைய இடம் நுழைவாயில் எனப்படும். எர்நெட்டுக்கு மும்பை எப்படி அமெரிக்காவுக்கான நுழைவாயிலாக இருந்ததோ, அதே பணியைப் புதுச்சேரியின் ஊர்களுக்கு வில்லியனூர் செய்தது.

மையத்திலிருந்து ஊர்களுக்குக் கம்பி இல்லை. வி.எச்.எப். என்னும் மிக உயர் அதிர்வெண்ணில் இயங்கும் இருவழி வானொலிக் கருவிகள் வந்தன.

* * *

ஹவாய் தீவுகளில் கற்ற பாடம்

வானொலியால் கணினிகளை இணைப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. கம்பியில் ஒவ்வொரு ஊருக்கும் தனித் தடம் போடலாம். காற்றோ எல்லோருக்கும் பொது. ஒரே அலைவரிசையில் இரண்டு ஊர்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே கேட்காது. கிராம சபையில் ஒரே ஒலிவாங்கி இருக்கும்போது எழும் சிக்கலைப் போன்றது இது: யார் எப்போது பேசுவது என்று ஒரு முறை வேண்டும்.

அந்த முறையை முதலில் தேடியவர்கள் ஹவாய் பல்கலைக்கழகத்தினர். தீவுகளுக்கிடையே தொலைபேசித் தடங்கள் விலை மிகுந்தும் தரம் குறைந்தும் இருந்ததால், நார்மன் ஆப்ரம்சன் தலைமையிலான குழு 1971-இல் அலோஹாநெட் என்னும் வானொலி வலையமைப்பை இயக்கியது. அதன் வேகமும் நொடிக்கு 9,600 பிட்தான்.

அவர்கள் வகுத்த விதி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. அனுப்ப வேண்டியது இருந்தால் உடனே அனுப்பு. மையத்திலிருந்து வந்து சேர்ந்தது என்னும் ஒப்புகை வராவிட்டால், வேறொன்றோடு மோதிவிட்டது என்று கொள். தற்செயலாகத் தேர்ந்த ஒரு கால அளவு காத்திருந்து மறுபடி அனுப்பு. காத்திருக்கும் நேரம் தற்செயலாக இருக்க வேண்டும் என்பதில்தான் நுட்பம் உள்ளது. மோதிய இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மறுபடியும் மோதுவார்கள்.

இந்த எளிமைக்கு விலை உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால், அலைவரிசையின் கொள்ளளவில் உச்சமாக 18 விழுக்காடு மட்டுமே பயன்படும். மீதி மோதலிலும் மௌனத்திலும் போய்விடும். காலத்தைச் சம துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972-இல் ஒரு திருத்தம் செய்தபோது அது 37 விழுக்காடாக உயர்ந்தது. பேசுவதற்கு முன் பிறர் பேசுகிறார்களா என்று கேட்டுப் பார் என்னும் விதியைச் சேர்த்து, 1973-இல் ராபர்ட் மெட்கால்ஃப் ஈதர்நெட்டை உருவாக்கினார். இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளின் கணினி அறைகளிலும் சுவரோரம் ஓடும் கம்பி அதன் வழித்தோன்றல்.

இத்தகைய விதிகளுக்கு நெறிமுறை என்று பெயர். இரண்டு கருவிகள் எந்த வரிசையில், எந்த வடிவில், எந்த ஒப்புகையோடு தரவைப் பரிமாறிக்கொள்ளும் என்று முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு அது. கருவிகள் வெவ்வேறு நிறுவனங்களுடையதாக இருக்கலாம், வெவ்வேறு நாடுகளில் இருக்கலாம். உடன்பாடு ஒன்றாக இருந்தால் போதும். எர்நெட்டேகூடத் தொடக்கத்தில் இரண்டு நெறிமுறைக் குடும்பங்களை அருகருகே ஓடவிட்டு, 1995-க்குப் பிறகுதான் இணையத்தின் நெறிமுறைக் குடும்பமான டி.சி.பி./ஐ.பி.க்கு ஏறத்தாழ முழுமையாக வந்து சேர்ந்தது.

* * *

கடற்கரைக்குச் சென்ற ஒரு செய்தி

வீராம்பட்டினத்துக்கு நாள்தோறும் சென்ற ஒரு செய்தியைப் பின்தொடர்ந்தால், இதுவரை சொன்னவை எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்பதைக் காணலாம்.

வங்கக் கடலில் அலையின் உயரம், காற்றின் திசை ஆகியவற்றைப் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் வானிலைப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்தது. உலகில் எவரும் அதைப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய மீனவரிடம் மட்டும் கணினி இல்லை. வில்லியனூர் மையத்தில் உள்ள தன்னார்வலர் அதை இறக்கி, வீராம்பட்டினத்துக்கு எதிரே உள்ள கடற்பகுதிக்கான பகுதியை மட்டும் எடுத்துத் தமிழில் எழுதுவார். அது வானொலி வழியே ஊர் மையத்துக்குப் போகும். அங்கிருந்து ஒலிபெருக்கி வழியே கடற்கரையில் ஒலிக்கும்.

அந்தச் செய்தி எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிடலாம். 500 குறியீடுகள் கொண்ட ஓர் அறிவிப்பு, அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களின் 8 பிட் முறையில் 4,000 பிட் ஆகும். எர்நெட்டின் முதல் தடத்தின் வேகத்தில் அரை நொடிக்கும் குறைவாகவே போய்ச் சேரும். இன்றைய யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், அதாவது 24 பிட், எடுப்பதால் அதே அறிவிப்பு ஒன்றேகால் நொடி ஆகும். ஒரு சிறிய ஒளிப்படமோ, 50,000 பைட் என்று கொண்டால், 40 நொடிக்கும் மேல் பிடிக்கும். மெலிந்த தடத்தில் எழுத்து எவ்வளவு வலிமையானது என்பதை வில்லியனூர் அறிந்திருந்தது.

இந்தப் பயணத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதல் கட்டத்தில் செய்தி டி.சி.பி./ஐ.பி. பொதிகளாகக் கடல்களைக் கடந்தது. இரண்டாவதில் வானொலி அலையாகச் சென்றது. மூன்றாவதில் மனிதக் குரலாக ஒலித்தது. ஒவ்வொரு கட்டமும் தனக்குக் கீழே அல்லது முன்னே எது நடக்கிறது என்று கவலைப்படாமல் தன் பணியைச் செய்தது. வலையமைப்பு இயலில் இதை அடுக்குமுறை என்பார்கள்: செய்தியின் பொருளைக் கவனிக்கும் அடுக்கு, அதை முழுமையாகக் கொண்டுசேர்க்கும் அடுக்கு, வழி கண்டுபிடிக்கும் அடுக்கு, கம்பியிலோ காற்றிலோ குறிகளை அசைக்கும் அடுக்கு எனப் பணிகள் பிரிக்கப்படும். இந்தப் பிரிவினையின் பெரும்பயன், ஓர் அடுக்கை மாற்றினாலும் மற்றவை மாற வேண்டாம் என்பது. நாளை வானொலிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்தாலும், அலையின் உயரம் பற்றிய அந்தத் தமிழ் அறிவிப்பில் ஓர் எழுத்துகூட மாறாது.

ஊர்களிலிருந்து மையத்துக்கும் செய்தி வந்தது. சந்தை விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவமனை விவரம் எனத் திரண்டவை "நம்ம ஊரு செய்தி" என்னும் இதழாகவும் அச்சாயின. கணினியில் தொடங்கித் தாளில் முடிந்த வலையமைப்பு என்று சிலர் இதைக் குறைவாக மதிப்பிடக்கூடும். வாசிக்கும் கை எதுவோ அதுவரை செய்தியைக் கொண்டுபோனதை வேறு எப்படி மதிப்பிடுவது?

* * *

2004 டிசம்பர் 26

அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நிலநடுக்கச் செய்தி உலகத்தின் கணினிகள் எங்கும் பரவிவிட்டது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் கரையில் நின்றவர்களுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. இந்தியாவில் அப்போது ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் எதுவும் இல்லை. ஐதராபாத்தில் அது செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் வில்லியனூர்த் திட்டத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. அந்த மையத்தோடு முன்பு தொடர்பிலிருந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். சுமத்திராச் செய்தியை அங்கே அறிந்த அவர், ஊரில் உள்ள தம் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல் ஏறிவரும் அறிகுறி ஏற்கெனவே தெரிந்தது. ஊரை விட்டு ஓடுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார் அவர்.

செய்தி கேட்டவர்கள் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே சென்று, நாள்தோறும் அலையின் உயரத்தைச் சொல்லிவந்த அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கையை அறிவித்தார்கள்.

ஏறத்தாழ 500 குடும்பங்கள், 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன; மக்கள் உயிர் தப்பினார்கள். அதே காலையில், அதே கரையோரத்தில், கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்த நிகழ்ச்சி கணினி வலையமைப்பின் வெற்றியாகப் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படும். எச்சரிக்கை வில்லியனூர் மையத்தின் வழியே வரவில்லை. இணையத்தின் வழியேயும் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து நேராக ஊரின் ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் வந்தது. நடுமையம் ஒன்றை மட்டும் நம்பும் வடிவத்தின் குறை என்று பாரன் 1964-இல் சொன்னது அன்று மெய்யானது: மையம் மௌனமாக இருந்த வேளையில், மையத்தைத் தொடாத இன்னொரு வழிதான் உயிர்களைக் காத்தது.

அப்படியென்றால் ஆறாண்டு உழைப்பால் பயன் இல்லையா? பயன் இருந்தது, அது வேறு இடத்தில் இருந்தது. ஒரே தொலைபேசி அழைப்பு ஒரு வீட்டைக் காப்பாற்றியிருக்கும். ஊரைக் காப்பாற்றியது ஒலிபெருக்கி. அந்த ஒலிபெருக்கி சொல்வதைக் கேட்டு நடப்பது ஊருக்குப் பழகியிருந்தது. கடலைப் பற்றி அது முன்பும் உண்மையைச் சொல்லியிருந்தது. எந்த நெறிமுறை நூலிலும் இல்லாத அந்த நம்பிக்கை, ஆறாண்டுகளாக அறிவிப்பு அறிவிப்பாகச் சேர்ந்த ஒன்று.

* * *

வட்டத்துக்கு வெளியே

வில்லியனூரின் வானொலி திருநாவலூருக்கு எட்டியிருக்குமா?

வி.எச்.எப். அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்லும். பூமி வளைவானது என்பதால் ஒரு தொலைவுக்கு அப்பால் அலை தலைக்கு மேலே போய்விடும். அந்தத் தொலைவைக் கிலோமீட்டரில் அறிய, கம்பத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குவார்கள். 20 மீட்டர் கம்பத்துக்கு அது 18 கிலோமீட்டர் சொச்சம். இரு முனைகளிலும் 20 மீட்டர் கம்பம் நட்டால் 37 கிலோமீட்டர். வில்லியனூரைச் சுற்றிய ஊர்கள் இந்த வட்டத்துக்குள் எளிதாக அடங்கின. 45 கிலோமீட்டர் மேற்கே உள்ள திருநாவலூர் அடங்கவில்லை. இடையில் இன்னொரு கம்பம் நட்டு, அலையை வாங்கி மறுபடி அனுப்பினால் எட்டும். சமவெளியில் அது பணத்தைப் பொறுத்த செய்தி மட்டுமே.

திருநாவலூருக்கு மேற்கே, அதே மாவட்டத்தின் மறுகோடியில், சமவெளிக் கணக்கு உடைந்துபோகிறது. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்கும் அடுத்த சிற்றூருக்கும் இடையே நிற்பது பூமியின் வளைவன்று, பாறை. அடிவாரத்தில் எவ்வளவு உயரமான கம்பம் நட்டாலும், முகட்டுக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கு இருட்டாகவே இருக்கும்.

மலையைத் தாண்ட வானத்துக்குப் போகலாம். ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2004 அக்டோபர் 18 அன்று, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். தமிழகத்தில் திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி ஆகிய இடங்கள் செயற்கைக்கோள் வழியே இணைந்தன. ஆனால் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க ஒரு பொதிக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும், பதில் வர இன்னொரு கால் நொடி. அதன் செலவோ ஓர் ஊராட்சியின் கைக்கு எட்டாதது.

தரையிலேயே வழி உண்டு என்று நம்பியவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்தார்கள். அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, தொலைபேசிக் குரலையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் கம்பியின்றிக் கொண்டுசெல்லும் கோர்டெக்ட் என்னும் கருவியை உருவாக்கி, 2001-இல் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் கிராமங்களை இணைக்கத் தொடங்கியிருந்தது. அங்கே மையங்களை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள் அல்லர்; கடன் வாங்கிக் கடை போட்ட உள்ளூர்க்காரர்கள், வருவோரிடம் கட்டணம் வாங்கிக் கடனை அடைக்க வேண்டியவர்கள்.

வில்லியனூரில் மீனவர் ஒரு காசும் தராமல் கேட்ட செய்திக்கு, மேலூரில் விவசாயி கட்டணம் தருவாரா? தராவிட்டால், வட்டத்துக்கு வெளியே நின்ற திருநாவலூருக்கும் முகட்டுக்கு அப்பால் நின்ற கல்வராயன் மலையூர்களுக்கும் வலையை இழுத்துக்கொண்டு வரும் செலவை யார் ஏற்பது?

(அடுத்த வாரம்: மேலூரில் திறந்த கடைகள்)